பதக்கத்தின் பின்பக்கம்

1

“பாலிஷ் போடக் குடுத்திருக்குதுங்க, அம்மிணி.”

“அஞ்சு வருசமாவா பாலிஷ் போடுதீக, அண்ணாச்சி? தேஞ்சே போயிருக்கும்லா!”

இந்தக் கதை இப்படித்தான் எனக்குக் கிடைத்தது, கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டு. உள்ளே எங்கள் பின்னலாடை ஆய்வுக் கழகத்தின் செயலாளர் கிட்டுசாமி. எதிரில் விஜயராணி. அவர் கணவர் அந்தோணிராஜ் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். துணியில் ஊசிக்கோடு விழுவது பற்றிக் கட்டுரை வாசித்து 2004இல் எங்கள் பதக்கம் வாங்கியவர். போன மாதம் இறந்துவிட்டார்.

“படத்துக்குப் பக்கத்துல வைக்கணும். வேற ஒண்ணும் கேக்கல” என்று சொல்லிவிட்டு விஜயராணி போய்விட்டார்.

2

நான் எழுத உட்கார்ந்தது வேறு. விழா மலருக்குப் பதக்கத்தின் வரலாறு. முதல் வரி: ‘2002 முதல் ஆண்டுதோறும் சிறந்த ஆய்வுக்கு வழங்கப்படும் இந்த வெள்ளிப் பதக்கம்...’

அடித்துவிட்டேன்.

[இந்த ஆண்டு, 2009இல், பதக்கம் எனக்கு. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.]

மலரில் படம் போடப் பதக்கத்தைக் கேட்டேன். கிட்டுசாமி பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். ஓரம் பிளேடு போல இருந்தது. பின்பக்கம் வழவழப்பு. வெளிச்சத்தில் சாய்த்தேன். ஆழமாக வெட்டிய ஒரு ‘ஜ்’ மட்டும் அழியாமல் நின்றது. வாங்கிய ஏழு பேரில் அப்படி முடிகிற பெயர் ஒன்றுதான்.

“ஏனுங்க, எல்லாருக்கும் இதே ஒண்ணுதானுங்களா?”

“ஃபங்ஷன் முடிஞ்சதீம் பாலிஷுக்குன்னு வாங்கிக்குவோமுங்க. படிச்சவங்க பாருங்க, திருப்பிக் கேக்கக் கூச்சப்படுவாங்க.”

“பழைய பேரு?”

“ஆசாரி அரத்துல ராவி அழிச்சீருவாருங்க.”

ஏழு விழாக்களிலும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன் நான்.

“நீங்களே ஆசாரிகிட்டக் குடுத்துருங்க, மகுடேஸ்வரன். உங்க பேரு நீளமுங்க. நல்லா ராவச் சொல்லோணும்.”

3

முடிவு அ: விழாவில் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்கிறேன். (நம்பாதீர்கள். மேடை ஏறினால் எனக்கு வணக்கமே வராது.)

முடிவு ஆ: விஜயராணி கையில் கொடுக்கிறேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்து...

முடிக்க முடியவில்லை. அந்த ஒற்றை ‘ஜ்’-ஐக் காட்டி என்ன சொல்வேன்? மீதி ஆறு வீடுகளுக்கு என்ன கொண்டுபோவேன்?

பதக்கம் இப்போது என் சட்டைப்பையில். ஞாயிறு விழா. அதற்குள் ஆசாரியிடம் கொடுத்தால் அந்த ‘ஜ்’ இருக்காது.

படித்தவர்கள் கூச்சப்படாமல் கீழே எழுதுங்கள்: ராவச் சொல்லவா?