மூன்றாவது தட்டு, நீலப் புடவை

பெரியத்தை போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சலவைக்கடையிலேயே எல்லோரும் கூடி அவளைப் பற்றி நாலு வார்த்தை பேசுவது என்று முடிவாயிற்று. அந்த நாலு வார்த்தையை எழுதி வாசிக்கும் வேலை மாப்பிள்ளையின் தலையில் விழுந்தது.

"நீங்கதானே படிச்சவரு," என்றான் மச்சான். "நான் எழுதினா, சட்டை பன்னெண்டு, போர்வை நாலுன்னு ஆரம்பிச்சிடுவேன்."

அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியவன் என்பதால் அவன் மாப்பிள்ளை. பெண் இப்போது இல்லை. பதினொரு மாதத்துக்கு முன் காய்ச்சல் வந்தது; நாலு நாளில் முடிந்துவிட்டது. அவனுக்குக் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை. குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, அதில் என்ன கலந்திருக்கிறது என்று எழுத வேண்டும். மனைவி போன பிறகும் கடைக்கு மேலே இருந்த அறையிலேயே அவன் தங்கியிருந்தான். போகச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை. இருக்கச் சொன்னது பெரியத்தை மட்டும்தான்.

பெரியத்தை மாமனாருக்கு அக்கா. எண்பத்தெட்டு வயது. அவன் மனைவி போன மறு வாரம், எல்லோரும் அவனிடம் அடிக்குரலில் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் மாடிப்படியில் நின்று கத்தினாள். "சும்மா உக்காந்திருந்தா தலைதான் வேலை செய்யும். கீழ வா. துணி மடி."

அவன் போய் மடித்தான். அன்றிலிருந்து தினமும் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் மடிப்பு மேசை. ஆறுதலாக ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. "இது தலையணை உறையா, பொட்டலமா?" என்று கேட்டுவிட்டு, அவன் மடித்ததைக் கலைத்துப் போடுவாள். அவன் மறுபடி மடிப்பான். அதில் துக்கம் குறைந்ததா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு மணி நேரம் குறைந்தது.

சனிக்கிழமை மதியம் அதே மேசையில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆளாளுக்கு வந்து ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பதினாலு வயதில் பெரியத்தை ஒரு மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளைத் துவைக்க ஆரம்பித்தாள். அப்போது தம்பிக்கு இரண்டு வயது. முதுகில் கட்டிக்கொண்டுதான் துவைத்தாள். இருபத்துநாலில் சொந்தக் கடை. எழுதப் படிக்கத் தெரியாததால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு குறி வைத்துக்கொண்டாள். ஒருவருக்குப் பிறை, ஒருவருக்கு ஏணி, ஒருவருக்குக் கோழிக்கால். அழியாத மையில் துணியின் உள்விளிம்பில் போட்டுவிடுவாள். நாற்பது வயதில் படிக்கக் கற்றுக்கொண்டாள், பத்திரிகையில் வரும் மல்யுத்தச் செய்திக்காக. அப்போதும் குறிகளை விடவில்லை. அவளுடைய சொந்தத் துணிக்கு ஒரே ஒரு புள்ளி.

"கல்யாணத்துக்கு மூணு பேரு வந்தாங்க, அதை எழுதுங்க," என்றாள் மாமியார். "மூணாவது ஆளு பார்க்க லட்சணமா இருந்தாராம். உங்க சட்டைக்குக் கஞ்சி யார் போடறதுன்னு அண்ணி கேட்டிருக்காங்க. நீதான்னு அந்த ஆளு சிரிச்சிருக்காரு. அப்ப நீங்க வாடிக்கையாளர், போய் வரிசையில நில்லுங்கன்னு அனுப்பிட்டாங்க."

"வெள்ளம் வந்ததை விட்டுடாதீங்க மாப்ளே," என்றான் மச்சான். "ஊர்த் துணியை எல்லாம் மொட்டைமாடிக்கு ஏத்திட்டாங்க. அவங்க பெட்டி மிதந்து போயிடுச்சு. என்ன பெரியத்தை இப்படின்னு கேட்டதுக்கு, என் பெட்டிக்கு நீச்சல் தெரியும்டா, ஜனங்க சட்டைக்குத் தெரியாதுன்னாங்க."

அவன் எழுதிக்கொண்டான். கையெழுத்து ஆய்வு அறிக்கையில் இருப்பது போலவே நேராக இருந்தது.

கடைசியாக மாமனார் வந்தார். அறுபது வருடமாக இஸ்திரிப் பெட்டி பிடித்த வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கும். நின்றபடியே சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு எழுதுங்க மாப்பிள்ளை. அறுபத்துநாலு வருஷத்துல இந்தக் கடையில ஒரு கைக்குட்டை கூட ஆள் மாறிப் போனதில்லை. அக்கா உயிரோட இருந்த வரைக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்கப்புறம் நடந்ததை எழுத வேண்டாம். அது என் தப்பு."

அதற்குப் பிறகு நடந்தது இதுதான். பக்கத்துத் தெருவில் இருக்கும் டீச்சரின் நீலப் புடவை காணாமல் போயிற்று. ஓய்வு பெற்ற அன்று மாணவிகள் சேர்ந்து வாங்கித் தந்த புடவை. அவர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். மாமனார் கடையையே புரட்டிப் போட்டார். வாடிக்கையாளர் தட்டுகளைக் காலி செய்து மறுபடி அடுக்கினார். கிடைக்கவில்லை. தான்தான் யாருக்கோ மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டார். "கண்ணும் போச்சு, புத்தியும் போச்சு. அக்கா இருந்தா இஸ்திரிப் பெட்டியாலேயே போட்டிருப்பா," என்று சொல்லி, நான்கு நாளாக இஸ்திரி மேசைக்கே போகாமல் இருந்தார். இந்த மாதத்தோடு கடையை மூடிவிடலாம் என்று நேற்று மகனிடம் சொல்லியிருந்தார்.

புடவை எங்கே போனது என்று மாப்பிள்ளைக்குத் தெரியும்.

பெரியத்தை இறந்த காலையில், "பின்னறையில மூணாவது தட்டு, நீலப் புடவை, எடுத்துட்டு வாங்க," என்று மாமியார் சொன்னாள். அவன் போனான். பின்னறையில் இரண்டு அலமாரி. இடது பக்கம் வாடிக்கையாளர்களுடையது, வலது பக்கம் வீட்டுடையது. அவன் எத்தனையோ மாலை அதே அறையில் நின்றவன். அன்று இடது பக்கம் கை போயிற்று. மூன்றாவது தட்டில் நீலப் புடவை இருந்தது. எடுத்தான். விளிம்பைத் திருப்பாமல் எதையும் கையில் எடுக்காதே என்பதுதான் அந்தக் கடையின் முதல் பாடம். அவன் திருப்பவில்லை. அதை உடுத்திக்கொண்டு பெரியத்தை போய்விட்டாள்.

மூன்றாம் நாள் வலது அலமாரியில் இன்னொரு நீலப் புடவையைப் பார்த்தான். உள்விளிம்பில் ஒற்றைப் புள்ளி. அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மாடிக்குப் போனான். அன்று சொல்லியிருக்கலாம். பிறகு டீச்சர் வந்தார், அன்றும் சொல்லியிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைக்க வேண்டும் என்று கூட அவன் நினைக்கவில்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். பெண்ணும் இல்லை, இருக்கச் சொன்னவளும் இல்லை. அவளுடைய கடைசிப் புடவையையே மாற்றி எடுத்துக் கொடுத்தவனுக்கு இந்த வீட்டில் என்ன உறவு பாக்கி என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்குப் பதில் கிடைப்பதைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

மாமனார் சொன்ன வரியையும் எழுதினான்.

மறுநாள் இயந்திரங்களைச் சுவரோரம் தள்ளி, நாற்பது நாற்காலி போட்டார்கள். நாற்பதும் நிறைந்து வாசலில் ஆட்கள் நின்றார்கள். மூன்றாவது வரிசையில் டீச்சர். மாமனார் முன்வரிசையில், விருந்துக்கு வந்தவர் போல, தன் கடையிலேயே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

அவன் வாசித்தான். குழாய்த் தண்ணீர் அறிக்கை வாசிப்பவன் குரலில்தான் வாசித்தான். ஆனாலும் பெண் கேட்டு வந்து வரிசைக்கு அனுப்பப்பட்ட ஆளுக்கும் நீச்சல் தெரிந்த பெட்டிக்கும் ஜனங்கள் சிரித்தார்கள். மாமியார் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அடுத்த வரி வந்தது.

"அறுபத்துநாலு வருடத்தில் இந்தக் கடையில் ஒரு கைக்குட்டை கூட..."

நிறுத்தினான். மாமனார் தலை குனிந்திருந்தது. அந்தத் தாழ்ந்த தோள் இன்னும் தாழ்ந்திருந்தது.

"மாமா," என்றான். "டீச்சர் புடவையை நீங்க மாத்திக் கொடுக்கலை. நான்தான் எடுத்தேன். பெரியத்தைக்குன்னு எடுத்துட்டு வந்தேன். இடது அலமாரி. விளிம்பைப் பார்க்கலை. பெரியத்தையோட புடவை உள்ளதான் இருக்கு. பன்னெண்டு நாளா எனக்குத் தெரியும்."

கடையில் யாரோ இருமினார்கள்.

முதலில் பேசியது மாமியார். தனக்குத் தானே பேசுவது போலச் சொன்னாள். "நான்தானே கட்டிவிட்டேன். கொசுவம் வச்சு, முந்தி இழுத்துவிட்டு... என் கையிலேயும் அந்த விளிம்பு வந்துதே. நானும் பார்க்கலையே."

"அம்மா, கடையில வேலை செய்யறவங்க யாராவது வாடிக்கையாளர் துணியை மேல போட்டுப் பார்த்தா, பெரியத்தை அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க," என்றான் மச்சான். குரல் ஒரு மாதிரி உடைந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "இப்ப அவங்களே போட்டுட்டுப் போயிட்டாங்க. யாரு கேக்கறது?"

எல்லோரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம்தான், அது முகத்தில் தெரிந்தது. அந்தப் புடவையை அவர் ஒரு முறைதான் கட்டியிருந்தார்.

பிறகு மாமியாரிடம் கேட்டார். "அவங்களுக்கு நல்லா இருந்துதா?"

"இருந்துது டீச்சர். அந்த நிறத்துக்கு அப்படி இருந்துது. நாங்களே சொன்னோம்."

"சரி," என்றார் டீச்சர். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மேல படிங்க தம்பி."

அவன் படிக்கவில்லை. மாமனார் எழுந்து வந்துகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்க, வாங்க என்றே பேசியவர். எதிரில் நின்று அவன் முகத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டு நாளா என்னைப் பைத்தியக்காரனா ஆக்கிட்டியேடா," என்றார். "வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொன்னா என்னடா? நான் ஒவ்வொரு ராத்திரியும் அக்கா கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுக் கிடக்கறேன். கடையை மூடற வரைக்கும் வந்துட்டேன். நீ பாட்டுக்கு மேல போய்ப் படுத்துக்கறே!"

"தப்புதான் மாமா."

"தப்புதான்னா? விளிம்பு பார்க்கணும்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பா?"

"தினம்."

"தினம்! தினம் சொல்லியும்!" அவர் கையை ஓங்கினார். அவன் நகரவில்லை. அந்தக் கை அவன் காதோரம் பட்டது. அடி என்று சொல்ல முடியாது; அடி இல்லை என்றும் சொல்ல முடியாது. பிறகு அதே கையால் அவனிடமிருந்த காகிதத்தைப் பிடுங்கி, தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"'ஒண்ணு'ன்னு போடு," என்றார். "அறுபத்துநாலு வருஷத்துல ஒண்ணு. அக்காவுக்குப் பொய் பிடிக்காது. படி."

அவன் பேனாவால் திருத்திவிட்டுப் படித்தான். ஐம்பத்திரண்டு வயதில் அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது, முதல் நாளே விளக்குக் கம்பத்தில் மோதியது, இறங்கிப் போய்க் கம்பத்தைத் திட்டியது. "இத்தனை வருஷமா இதே இடத்துல நிக்கறியே, கொஞ்சம் தள்ளி நிக்கக் கூடாதா?" வாசலில் நின்றவர்கள் வரை சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார், இஸ்திரி மேசையில் கை ஊன்றி நின்றபடி.

தன் மனதுக்குள் ஏதாவது அசைகிறதா என்று அவன் பார்த்தான். இல்லை. காது மட்டும் சுட்டது. எல்லோரும் கிளம்பி, நாற்காலிகளை மடித்து அடுக்கும்போதும் சுட்டுக்கொண்டிருந்தது.

"டேய்," என்று மாமனார் உள்ளேயிருந்து கூப்பிட்டார். "பாய்லரைப் போடப் போறேன். நாளைக்கு மருத்துவமனை விரிப்பு நூத்திருபது இருக்கு. நீ எத்தனை மணிக்கு வருவே?"

"ஆறரைக்கு மாமா."

"ஆறுக்கு வா," என்றார்.