மடியில் அடங்குகிற பெட்டி

கடைக்காரன் விலையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மெர்லிண்டா அந்த ஆம்ப்ளிபயரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "ரோடல், என் தோளப் பிடிச்சு ஆட்டு," என்றாள். ஆட்டினேன். "இப்படி இல்ல. மத்தியானத்துக்கு மேல கடல்ல காத்து அடிக்கும்ல, அப்படி ஆட்டு." இடமும் வலமுமாக உலுக்கினேன். பெட்டி நழுவவில்லை. அவள் முகவாய்க்கும் பெட்டியின் மேல்விளிம்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. அவள் அதையும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். இலோய்லோ நகரத்தில் வாத்தியக் கடை வைத்திருப்பவன் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்திருப்பான். ஆனாலும் அன்றைக்கு அவன் கல்லாவை விட்டு எழுந்து வந்து எங்களைப் பார்த்தான்.

நான் டிரம்ஸ் அடிப்பவன். பேஸ் கிடார் வாசிப்பவர்களுக்கு என்னைப் போல எதிரி கிடையாது. அவர்கள் வாசிப்பதையெல்லாம் நான் அடித்து நொறுக்கி விழுங்கிவிடுவேன் என்பார்கள். அது உண்மைதான், என் கையின் கனம் அப்படி. அதனால்தான் எங்கள் குழுவில் பேஸ் வாசிக்கும் மெர்லிண்டா என்னையும் என் ஸ்னேர் டிரம்மையும் டிரைசைக்கிளில் ஏற்றிக் கடைக்குக் கூட்டி வந்திருந்தாள். "உன் சத்தத்துல பொழைச்சாத்தான் அது பெட்டி," என்று வரும் வழியெல்லாம் சொன்னாள்.

இதெல்லாம் எங்கள் பழைய பேஸ் பெட்டி கடலில் விழுந்ததால் வந்த வினை. அதைப் பெட்டி என்று சொன்னதே தவறு, அது ஒரு பீரோ. இரண்டு ஆள் தூக்க வேண்டும். கிமாராஸ் தீவுக்குப் போகிற மோட்டார் படகில் மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொள்ளும். படகுக்காரர் மனோங் துர்சிங் அதற்கும் ஆள் கணக்கில் கட்டணம் கேட்பார். (மனோங் என்றால் இங்கே அண்ணன், மனாங் என்றால் அக்கா.) "அந்த குண்டு மாமாவுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்பார். போன மழைக்காலத்தில் இறங்குபலகை வழுக்கி, குண்டு மாமா தலைகீழாகக் கடலுக்குள் போனார். எடுத்து வெயிலில் காயவைத்தோம். அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

எங்கள் கோம்போவின், அதாவது இந்தச் சின்ன இசைக்குழுவின், தலைவர் மனோங் ஆர்சின். கீபோர்டு வாசிப்பவர், அறுபதைத் தாண்டியவர், யாரையும் கடிந்து பேசாதவர். அவருடைய மனைவி லூஸ்விதான் பாடகி. ஒரு மழை நாளில் பாச்சோய் நூடுல்ஸ் கடையில் சூப்பை உறிஞ்சிக்கொண்டே அவர் பேச்சை எடுத்தார்.

"இனிமே தனியா பேஸ் எதுக்கு இண்டாய்? என் இடது கை சும்மாதான இருக்கு. கீழ்க்கட்டைய நானே பாத்துக்கறேன். படகுலயும் இடம் மிச்சம்."

இண்டாய் என்பது இங்கே தங்கச்சி, மகளே என்கிற மாதிரி. அவ்வளவு பிரியமாகக் கூப்பிட்டுத்தான் கழுத்தில் கத்தியை வைத்தார். மெர்லிண்டா கிண்ணத்தில் இருந்த நூடுல்ஸ் எல்லாவற்றையும் தின்று முடித்தாள். பிறகு அவள் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மடியில வச்சுக்கிட்டு படகுல வர்ற மாதிரி ஒரு பெட்டி கொண்டு வந்தேன்னா?"

"மடியில வைக்கற பெட்டி கொசு மாதிரி கத்தும்மா."

"கத்தலைன்னா?"

ஆர்சின் யோசித்தார். "தீவுல முதியோர் சங்கத்து டான்ஸ் வருதுல்ல. மூணாவது வரிசை நாற்காலி வரைக்கும் உன் பேஸ் கேட்டா, நீ இரு. கேக்கலைன்னா மனசுல வச்சுக்கக் கூடாது."

மெர்லிண்டா வாரம் முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். வீட்டுக்குத் திரும்பும்போது டிரைசைக்கிளில் என்னிடம் சொன்னாள்: "தையல் மெஷின்ல உக்காந்தா நான் யாரோ ஒரு பிள்ளையோட பாவாடை அளவு. சனிக்கிழமை மட்டும்தான்டா நான் மெர்லிண்டா." அவள் இல்லாத மேடையை நினைத்துப் பார்த்தேன். அவள் வாசிப்பைக் கேட்டுத்தான் என் வலது கால் எப்போது மிதிப்பது என்றே முடிவு செய்கிறது. இதை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பேஸை வாடகை ஸ்பீக்கரில் சேர்த்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தீவில் வாடகை ஸ்பீக்கர்காரர்கள் கொண்டுவருவது பாட்டுக்கான இரண்டே இரண்டு பெட்டிகள். அதில் பேஸை நுழைத்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கூம்பு கிழிந்துவிடும் என்று வயரைக் கையிலேயே வாங்க மாட்டார்கள். பேஸ் வாசிப்பவர் தன் சத்தத்தைத் தானேதான் சுமந்து வர வேண்டும்.

கடையில் மூன்று பெட்டிகளைப் பார்த்தாள். முதலாவது குண்டு மாமாவின் தம்பி. இரண்டாவது பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி. அதைத் தூக்கும்போது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது, கோழிக்குஞ்சு கனம். நான் ஸ்னேரில் இரண்டு தட்டுத் தட்டியதும் அது இருந்த இடம் தெரியவில்லை. மூன்றாவதுதான் மடியில் உட்கார்ந்த பெட்டி. பத்து அங்குல ஸ்பீக்கர், கனமில்லாத காந்தம் என்றான் கடைக்காரன். சந்தைப் பை போல ஒரு கையில் தூக்கிக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்தாள். மூச்சு வாங்கவில்லை.

வாசித்தாள். கீழ்ச்சத்தத்தைக் கூட்டுகிற கீழ்க்குமிழை முழுதாக வலப்பக்கம் திருப்பித்தான் வாசித்தாள். எங்கள் ஊரில் பேஸ்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். ஜீப்னி வண்டி ஓட்டுநர்கள் சீட்டுக்கடியில் வைக்கிற ஸ்பீக்கரின் தும்தும் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த காதுகள் எங்களுடையவை. அந்தக் குமிழைக் குறைப்பவனை ஆண்பிள்ளை இல்லை என்பார்கள், பெண்பிள்ளை வாசித்தாலும் அதே பேச்சுதான். தனியாகக் கேட்டபோது கடையின் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. அற்புதமாக இருந்தது.

"இப்ப நீ அடி," என்றாள்.

அடித்தேன். அற்புதம் காணாமல் போனது. ஏதோ அதிர்கிறது, ஆனால் எந்தச் சுரம் என்று சொல்ல முடியவில்லை. அவள் விடவில்லை. என்னை அடித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டுக் குமிழ்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். கீழ்க்குமிழ் இறங்கியது, நடுச்சத்தத்துக்கான நடுக்குமிழ் ஏறியது. திடீரென்று ஒவ்வொரு சுரமும் என் டிரம்முக்கு நடுவே தலையை நீட்டியது. நான் அடிப்பதை நிறுத்தினேன். தனியாகக் கேட்டபோது அது சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. கிடார் பார்க்க வந்திருந்த இரண்டு பையன்கள் சிரித்தார்கள். "மனாங், தகர டப்பா வாங்க இங்க எதுக்கு வந்தீங்க? சந்தையில கிடைக்குமே," என்றான் ஒருவன். மெர்லிண்டாவின் காது சிவந்தது. சீட்டெடுத்த பணத்தைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிவிட்டாள். ஆனால் அந்தச் சிரிப்பும் அவளோடு வீட்டுக்குப் போயிருக்கிறது, அது எனக்குத் தீவில்தான் தெரிந்தது.

சனிக்கிழமை படகில் பெட்டி அவள் மடியில் குழந்தை மாதிரி வந்தது. மனோங் துர்சிங் குனிந்து பார்த்து, "மாமா இளைச்சுட்டாரே, காய்ச்சலா?" என்றார். ஆர்சின் மட்டும் சிரிக்கவில்லை. இடது கை விரல்களைத் தன் தொடையில் ஓட்டிக்கொண்டே வந்தார், கீழ்க்கட்டைப் பயிற்சி.

டான்ஸ், தகரக் கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில். ஆரஞ்சு நிற டிஷர்ட்டில் முதியோர் சங்கம் முழுக்க வந்திருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் மூன்று வரிசை. மூன்றாவது வரிசையின் நடுவில் சங்கத் தலைவி மனாங் பெபெங். எண்பது வயதிருக்கும், காது மந்தம், சா-சா ஆடுவதில் தீவிலேயே அவருக்கு இணை கிடையாது.

மெர்லிண்டா பெட்டியை மேடைத் தரையில் வைத்தாள். கீழ்க்குமிழை முழுதாக வலப்பக்கம் திருப்பினாள். அந்தப் பையன்கள் இங்கே இல்லை, ஆனாலும் திருப்பினாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆர்சின் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

முதல் பாட்டு சேறாகிப் போனது. சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் சேர்ந்து அவள் வாசித்ததைப் பிசைந்து திருப்பி அனுப்பின. எனக்கே அவள் கேட்கவில்லை, என் கால் இரண்டு முறை தடுமாறியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். பாட்டின் பாதியில் ஆர்சினின் இடது கை கீழ்க்கட்டைகளுக்கு இறங்கியது. மெர்லிண்டா அதைப் பார்த்தாள். தந்திகளிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

இரண்டாவது பாட்டை ஆர்சினின் இடது கைதான் தாங்கியது. பாவம், அது ஒழுங்காகத்தான் உழைத்தது. ஆனால் இடது கையைப் பார்த்துக்கொள்கிற கவலையில் வலது கை வெறும் சோறாகிவிட்டது. ஜோடி ஜோடியாக எல்லோரும் நாற்காலிக்குத் திரும்பினார்கள். மனாங் பெபெங் மட்டும் மேடைக்கு முன்னால் வந்து நின்று, காது மந்தமானவர்களின் உரத்த குரலில் கேட்டார்.

"அந்தப் பொண்ணு எதுக்கு சும்மா நிக்குது? என் காலுக்கு ஒண்ணும் வந்து சேரலயே."

மெர்லிண்டாவின் கண் கலங்கியிருந்தது. கிடாரைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்றே நினைத்தேன். அவள் மேடையை விட்டு இறங்கினாள். பலகாரக் கடைப்பக்கம் போய், இரண்டு காலி சோடாப் பெட்டிகளைத் தானே தூக்கி வந்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆம்ப்ளிபயரை அதன்மேல் ஏற்றினாள்.

"எதுக்கு?" என்றேன்.

"இவ்வளவு நேரம் என் முழங்காலுக்கு வாசிச்சுட்டு இருந்தேன். முழங்காலுக்கு என்ன தெரியும்?"

பிறகு கீழ்க்குமிழைத் திருப்பினாள், இடப்பக்கம். நடுக்குமிழை ஏற்றினாள். தந்தியை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். அதே சளி பிடித்த குரல், மைதானம் முழுக்க. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். லூஸ்வி மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டார்.

ஆர்சின் திரும்பினார். "என்ன இண்டாய் இது, மூக்கடைச்ச சத்தம்?"

"நீங்க எண்ணுங்க மனோங்," என்றாள். இந்த முறை அவள் காது சிவக்கவில்லை.

எண்ணினார். நான் அடித்தேன், என் கையின் முழுக் கனத்தோடு அடித்தேன். அவளுக்காகக் குறைத்து அடிப்பது அவமரியாதை என்று தோன்றியது. அந்த மூக்கடைத்த குரல் என் டிரம்முக்கும் கீபோர்டுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது, அங்கேதான் இத்தனை நாளும் இடம் காலியாக இருந்தது என்பதுபோல. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, உருண்டையாக வந்தது. என் கால் தேடவே இல்லை. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஒரு அடியைத் தவறவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

மனாங் பெபெங்கின் கால்தான் முதலில் எழுந்தது, அவர் பிறகுதான் எழுந்தார். பக்கத்தில் இருந்த கிழவரின் கையைப் பிடித்து, கேட்காமலேயே இழுத்துக்கொண்டு நடுவுக்கு வந்தார். முதல் வரிசை எழுந்தது, இரண்டாவது எழுந்தது. மூன்றாவது வரிசையில் கைப்பைகளும் ஒரு ஊன்றுகோலும் மட்டும் இருந்தன. மைதானம் முழுக்க ஆரஞ்சு டிஷர்ட்டுகள் ஒரே நேரத்தில் திரும்பின, ஒரே நேரத்தில் சா-சா-சா என்று தரையைத் தேய்த்தன. யார் காலையும் யாரும் மிதிக்கவில்லை.

நான் ஆர்சினின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அது கீழ்க்கட்டைகளின் மேலே, தொடாமல், மிதந்துகொண்டிருந்தது. பிறகு துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தது. பிறகு வலது கைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் அவர் வாசித்த மாதிரி நான் பல வருடங்களாகக் கேட்டதில்லை. இளவட்டம்போல மேல்கட்டைகளில் ஓடினார், சிரித்தார், பாதிப் பாட்டில் லூஸ்வியைப் பார்த்துக் கண்ணடித்தார். லூஸ்வி வெட்கத்தில் ஒரு வரியையே மறந்துபோனார். மெர்லிண்டா யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடி, சோடாப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாசித்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

நிறுத்தவிடவில்லை அவர்கள். முடிக்கப் போனபோதெல்லாம் மனாங் பெபெங் மேடையைத் தட்டினார். கடைசிப் படகு கிளம்புவதற்கு ஊதிவிட்டார்கள் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள், அதுவும் இரண்டு கூடை மாம்பழத்தோடு.

படகில் காற்று அடித்தது, அன்று கடையில் நான் உலுக்கியதைவிடப் பலமாக. பெட்டி மெர்லிண்டாவின் மடியில் இருந்தது. முதல் அலை ஓரத்தில் மோதித் தண்ணீர் உள்ளே தெறித்ததும் ஆர்சின் எழுந்தார். தான் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டின் பட்டையைக் கழற்றினார். குனிந்து, அதைப் பெட்டிக்கு மாட்டி, பட்டையை இறுக்கினார்.

"மனோங், அது ஆளுக்குத்தான்," என்று பின்னாலிருந்து கத்தினார் துர்சிங்.

"ஆளுக்குத்தான் போட்டிருக்கேன்," என்றார் ஆர்சின்.

அவர் மறுபடி உட்கார்ந்து, வலது கையால் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இடது கையில் ஒரு மாம்பழம் இருந்தது. தோலைப் பல்லால் உரித்து, சாறு முழங்கை வரை ஒழுக, நிதானமாகத் தின்றுகொண்டு வந்தார்.