துணிக்கு மட்டும் வெயில்

அந்தத் தையல்காரிக்குத் தன் கைமேல் அப்படி ஒரு நம்பிக்கை. கால்சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்கு ஒரே வேலை: இரண்டு கால்களின் உள்பக்கத்தையும் சேர்த்துத் தைப்பது. அவள் கைக்கு வரும்வரை அது பாவாடையா கால்சட்டையா என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. அவள் தைத்த பிறகுதான் அதற்குக் கால் முளைக்கும். அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாலே அடுத்த மெஷின்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதனால்தான், மூன்று வயது மகளின் கால்சட்டை முழங்காலின் உள்பக்கம் தேய்ந்து நூல் நூலாகத் தொங்கியபோது அவள் துணியைத் திட்டினாள். வேறு துணியில் தைத்துப் போட்டாள். அதுவும் அதே இடத்தில் தேய்ந்தது. சரி, வெட்டும்போது கோணியிருக்கும் என்று பிரித்து, மறுபடி அளவெடுத்துத் தைத்தாள். இந்த முறை உள்ளே ஒரு ஒட்டும் வைத்தாள். ஒட்டும் தேய்ந்தது. கோணியது கால்சட்டைக்குள் இருக்கும் காலாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. துணியையே குறை சொல்வது தையல்காரிக்கு மட்டுமே வரும் புத்தி.

குழந்தை முழங்கால்கள் உரச, பாதங்கள் அகல, ஆடி ஆடி நடந்தாள். கம்பெனிக் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவளுக்கு 'வாத்து' என்று பேர் வைத்தாள். பேர் ஒட்டிக்கொண்டது. "எங்கடி என் வாத்து, நடந்து காட்டு" என்று பெற்றவளே கூப்பிடுவாள். குழந்தையும் நடந்து காட்டும், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். குழந்தையின் மணிக்கட்டு உருண்டு தடித்திருப்பதில் அம்மாவுக்கு ஏகப்பட்ட பெருமை. கெட்டியான எலும்பு, அப்பன் வாகு என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கால் வலிக்கிறது என்று குழந்தை படியேற மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகுதான், ஒரு விடுமுறை நாளில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

குழந்தைகள் டாக்டரம்மா முழங்காலைப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ரிக்கெட்ஸ்மா. எலும்பு கெட்டியாகவே இல்ல. மெத்துனு இருக்கு. உடம்பு பாரம் தாங்காம வளைஞ்சுடுச்சு. இந்த மணிக்கட்டு வீக்கமும் அதனாலதான்."

பெருமைப்பட்ட மணிக்கட்டு. தையல்காரி அதைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"வெயில்ல விளையாடுவாளா?"

"எங்கேங்க? விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுவோம். திரும்பும்போது இருட்டிடும். லீவு நாள்ல துணி துவைக்கவே சரியா இருக்கு. வீட்டு ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு."

"பகல்ல?"

"கம்பெனி காப்பகத்துல."

"அங்க ஜன்னல் இல்லையா?"

"இருக்கு. கறுப்பு பெயின்ட் அடிச்சு மூடியே வச்சிருக்காங்க. பாதி ரூம்ல துணி அடுக்கியிருக்கில்ல? வெயில் பட்டா சாயம் போயிடும்னு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் தேய்ந்தது. இத்தனை நாள் தினம் பார்த்த ஜன்னல்தான். வாயால் சொன்னபோதுதான் காதில் விழுந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மருந்து தர்றேன். பால், முட்டை கொடுங்க. தினம் கை காலுல வெயில் படணும், அப்பதான் எலும்பு கெட்டிப்படும். சின்னக் குழந்தை, இப்பவே கவனிச்சா கால் நேராகிடும். விட்டுட்டீங்கன்னா அப்புறம் எலும்பை வெட்டித்தான் நிமிர்த்தணும்."

மறுநாள் காலை அவள் சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். அவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார், எதையும் செய்ய மாட்டார். அந்த ரகம்.

"சார், காப்பகத்து ஜன்னலைத் திறந்து விடுங்க. இல்லன்னா பிள்ளைங்களைக் கொஞ்ச நேரம் மொட்டை மாடிக்காவது அனுப்புங்க."

"மாடியில சாம்பிள் காயுதும்மா. ஆளுங்க போகக் கூடாது. மேல கேட்டுச் சொல்றேன்."

சாம்பிள் என்றால் இதுதான்: சாயம் வெளுக்கிறதா என்று பார்க்கத் துணித் துண்டுகளைச் சட்டத்தில் மாட்டி வெயிலில் வைப்பார்கள். எல்லாத் துண்டுக்கும் சமமாக வெயில் பட வேண்டும் என்று சூப்பர்வைசரே வேளாவேளைக்குப் போய்த் திருப்பி வைத்துவிட்டு வருவார். பச்சைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கம்பெனியில் பச்சைப் பிள்ளைகளை யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை.

தையல்காரி மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். கையில் எடுத்த கால்சட்டையின் முழங்காலைப் பார்த்தாள். ஊர் பேர் தெரியாத எவனோ ஒருவனுடைய கால் நேராகத் தெரிய வேண்டும் என்று இத்தனை வருஷம் கண்ணைப் பொசுக்கிக்கொண்டாயிற்று. துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

காப்பகத்துக்குள் நுழைந்து மகளைத் தூக்கினாள். "எங்க கூட்டிட்டுப் போற வாத்தை?" என்றாள் ஆயா.

"வாத்து கீத்துன்னா நடக்கிறதே வேற, சொல்லிட்டேன்!"

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாள். சாம்பிளைத் திருப்ப அப்போதுதான் மேலே போயிருந்த சூப்பர்வைசர் மாடிக் கதவைத் திறந்தே வைத்திருந்தார், சாவியும் பூட்டிலேயே தொங்கியது. தையல்காரி வெயிலில் ஓரமாக உட்கார்ந்து, மகளின் கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிவிட்டாள். வெளிறிய, வளைந்த இரண்டு கால்கள். அந்த வெளிச்சத்தில் பார்க்க அவளுக்கே நெஞ்சு தாங்கவில்லை. எவ்வளவு நாளாக இதற்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம்!

"ஏம்மா, வேலை நேரத்துல என்ன இது? கீழ லைன் நின்னுடுமே!"

"நிக்கட்டும் சார்."

சூப்பர்வைசர் பதறிப்போய்ச் சட்டத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பிறகு அந்த மனுஷன் தன் வாயால் இப்படிச் சொன்னார்:

"சரி, பாப்பாவைக் கொஞ்சம் தள்ளியாவது உக்கார வைம்மா. துணி மேல நிழல் விழுது பாரு."

தையல்காரி எழுந்தாள். சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டுக்குள் இருட்டில் வைத்தாள். கதவிலிருந்து சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். இனி அவளைக் கேட்காமல் அந்தக் கதவை யாரும் பூட்ட முடியாது.

குழந்தை இரண்டு கைகளாலும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கண்ணு கூசுது. லைட்டை ஆஃப் பண்ணும்மா."

தையல்காரி அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அழுகையை அடக்க அவள் முயற்சி செய்யவில்லை.

"இது லைட் இல்லடி கண்ணு, வெயிலு" என்றாள். சூப்பர்வைசரை நிமிர்ந்து பார்த்தாள். "போய் மத்த பிள்ளைங்களையும் மேல அனுப்புங்க சார். அதுங்க வந்த பிறகுதான் நான் கீழ வருவேன்."