ருமியானா தலையாட்டிய ஞாயிற்றுக்கிழமை

"வீட்டைப் பார்க்க ஆள் வந்திருக்கு அக்கா" என்றபடி ஸ்தாமென் உள்ளே வந்தபோது, ருமியானா அடுப்பிலிருந்து பானிட்சா என்ற அடுக்கு அடையை எடுத்துக்கொண்டிருந்தாள். பாலாடைக்கட்டியின் வாசனை அறை முழுக்கப் பரவியிருந்தது.

"எந்த வீட்டை?"

"இதைத்தான். போன ஞாயித்துக்கிழமை பேசினோமே."

தம்பியின் பின்னால், தொப்பியைக் கையில் பிடித்தபடி பல் டாக்டர் லாசர் நின்றார். தன்யூப் நதி தெரிகிற பால்கனி என்று கேள்விப்பட்டு வந்தவர்.

விழித்திரை நோயில் ருமியானாவுக்குப் பார்வை போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இந்தக் கோடையில்தான் சோஃபியாவில் ஆபரேஷன் நடந்தது. வலது கண்ணின் விழித்திரைமேல் மிகச் சிறிய தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். மூக்குக் கண்ணாடியில் ஒரு கேமரா. அது பிடிப்பதை இடுப்பில் மாட்டிய பெட்டி மின்துடிப்பாக மாற்றித் தகட்டுக்கு அனுப்பும். அவளுக்குத் தெரிவது வெளிச்சப் புள்ளிகள் மட்டும். எது எங்கே என்று கைக்கும் காலுக்கும் பழகிய இந்த வீட்டில்தான் அந்தப் புள்ளிகள் கதவாகவும் மேஜையாகவும் ஆயின. வெளியே போனால் வெறும் மினுக்கல்.

"விக்கலாம்னு நான் சொல்லவே இல்லையே."

"சொன்னியே அக்கா. இதை வித்துட்டு புர்காஸுக்கு எங்ககூட வந்துடுறியான்னு கேட்டேன். நீ தலையை ஆட்டினே. அதுவும் விடாம ஆட்டினே. சந்தோஷத்துல பேச்சு வரலைன்னு நினைச்சேன்."

எங்கள் பல்கேரியாவில் தலையை இடமும் வலமுமாக ஆட்டினால் 'ஆமாம்'. மோவாயை மேலே வெட்டினால் 'இல்லை'. பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

ருமியானா நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள்.

"மடையா, நான் உன்னைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்டா."

"பார்க்கிறதுக்குத் தலை எதுக்கு ஆடணும்?"

"கேமரா கண்ணாடியிலதானே இருக்கு? கண்ணை உருட்டி என்ன பிரயோஜனம்? தலையைத் திருப்பித் திருப்பித்தான் தேடணும். நிறுத்தினா எல்லாம் மங்கிடும்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"விட்டியா நீ? கன்னத்துல ஒரு முத்தம் குடுத்துட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டே. நான் யோசிக்கட்டும்னு நீ கிளம்பிட்டதா நினைச்சேன்."

லாசர் மெல்லச் செருமினார். "அப்போ நான் கிளம்பட்டுமா?"

"இருங்க டாக்டர். வீடு கிடைக்காது. பானிட்சா கிடைக்கும்."

ஸ்தாமென் மட்டும் சிரிக்கவில்லை. "நான் சும்மா கேக்கலை அக்கா. நீ தனியா விழுந்து கிடந்தா யாரு பார்ப்பா?"

"அவ்வளவு நல்ல எண்ணம்னா, கேட்டுட்டு ஏன்டா தலையைத் தொங்கப் போட்டே?"

அவன் திடுக்கிட்டான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜன்னல் வெளிச்சமா இருந்துச்சு. நடுவுல கறுப்பா ஒரு உருண்டை. நீதான். கேட்டு முடிச்சதும் உருண்டை கீழ இறங்கிச்சு. நிமிர ரொம்ப நேரமாச்சு. மூக்கு, வாய் எதுவும் தெரியலை. ஆனா இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் கண்ணால பார்த்தது அது ஒண்ணுதான்."

லாசர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்கமா இருந்துச்சு அக்கா" என்றான் ஸ்தாமென். "எனக்குப் பயம்னு சொல்லாம, உன் நல்லதுக்குன்னு சொன்னேன்."

ருமியானா இடுப்புப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். தலை அசையாமல் நின்றது.

"இப்போ கேளு."

"வித்துடலாமா?"

"வேண்டாம்டா. புது வீட்டுக்குப் போனா நான் மறுபடியும் குருடி ஆயிடுவேன்."

ஸ்தாமென் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தான்.

"எனக்குப் பயம் போகலை அக்கா."

"எனக்கும்தான் இருக்கு. பயப்படுறதுக்கு இந்த வீடு வசதிடா. எங்க பிடிச்சுக்கணும்னு தெரியும்."

அவன் பஸ் நேரத்தைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.