சும்மா பார்க்க வந்தவர்

கணினித் திரையில் தெரியும் நிறங்கள் திரைக்குள்ளேயே குடியிருக்கின்றன என்று பலர் நம்புகிறார்கள். படித்தவர்களிலும் இப்படி நம்புகிறவர்கள் உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மை வேறு. நிறங்கள் வெளியிலிருந்துதான் வருகின்றன. அவற்றை அழைத்து வருபவருக்கு கிராபிக்ஸ் டிரைவர் என்று பெயர். உள்ளே விடாவிட்டால் அவர் வாசலிலேயே நிற்பார்.

எளம்பிள்ளையில் கோகிலவாணியின் வீட்டு வாசலில் அவர் திங்கட்கிழமை காலையில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஓர் இரும்புப் பெட்டி.

கோகிலவாணி சேலை பார்டர் வரைபவள். லேப்டாப்பில் வரைந்து தறிக்கு அனுப்புவாள். போன வருடம் ஒரு மான் பார்டர் வரைந்துகொண்டிருந்தாள். கால்களை வரைவதற்குள் அது லேப்டாப்பிலிருந்து கசிந்து, பக்கத்துத் தெரு மோகனசுந்தரத்தின் தறியில் ஏறிவிட்டது. அவருடைய சேலைகளில் மான்கள் காலில்லாமலே ஓடின. நன்றாக விற்கவும் செய்தன. இந்தத் தீபாவளிக்கும் அப்படி நடந்தால், தறியை விற்றுவிட்டு மோகனசுந்தரத்திடமே சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான். அவர் அவளுக்கென்று ஒரு மேசையைத் துடைத்தே வைத்திருந்தார்.

ஆகவே அவள் பழைய இயங்குதளத்தை அழித்துவிட்டு ‘தாழ்’ என்ற இயங்குதளத்தை நிறுவியிருந்தாள். தாழை யார் வேண்டுமானாலும் திறந்து வரி வரியாகப் படித்துப் பார்க்கலாம். அதனிடம் ஒளிவுமறைவு கிடையாது. அதனாலேயே ஒளிக்கிறவர்களை அதற்குப் பிடிக்காது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளால் மட்டும் பேசும்.

‘பெட்டியில் என்ன?’ என்று தாழ் எழுதியது. கோகிலவாணி அதை உரக்க வாசித்தாள்.

“தெரியாதுங்க,” என்றார் டிரைவர். “கம்பெனியில வெல்டிங் வெச்சு அனுப்பிட்டாங்க. நானே தொறக்கக் கூடாது.”

‘திறக்காத பெட்டி உள்ளே வராது.’

“மத்த வீட்ல எல்லாம் கேக்காமயே உட்டுருவாங்க.”

“அப்படி உட்டுத்தான் என்ற மான் ஓடிப்போச்சு,” என்றாள் கோகிலவாணி. “பெட்டி இல்லாம உங்களுக்கு என்ன வேல தெரியும்?”

டிரைவர் சற்றுக் கூச்சத்தோடு யோசித்தார். “எதுக்க இருக்கறத நெறத்தோட அப்படியே வரைவேனுங்க. அவ்வளவுதான்.”

“அது போதும். பெட்டி வாசல்ல செருப்புகூட இருக்கட்டும்.”

தாழுக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருகிறவர் தான் என்னென்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்த வாக்கைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம்; கூட்ட முடியாது. வாக்கில் இல்லாததைச் செய்ய உடம்பு மறுத்துவிடும். கோகிலவாணி தாழை நிறுவும்போதே தன் வாக்கை விவரமாகக் கொடுத்திருந்தாள், தும்முவதைக்கூட விடவில்லை. டிரைவர், எதிரில் இருப்பதை நிறத்தோடு வரைவதாக வாக்குக் கொடுத்து உள்ளே வந்தார். அதன் பிறகு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

திரையில் முதலில் அரக்கு வந்தது. பிறகு மாம்பழ மஞ்சள். கடைசியாக, கொஞ்சம் தயங்கி, மயில்கழுத்து. கோகிலவாணி புறா பார்டர் வரைந்தாள். இந்தமுறை கால்களை முதலில் வரைந்தாள்.

வெள்ளிக்கிழமை ஈரோட்டு ஜவுளி வியாபாரி நாச்சிமுத்து வந்தார். திரைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். திரையைப் பார்க்க உட்காருகிறவரும் தாழைப் பொறுத்தவரை உள்ளே வந்தவர்தான். ‘என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்று கேட்டது.

ஜவுளித் தொழிலில் வாங்க வந்திருப்பதாக எவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்டால் விலை ஏறிவிடும். கோகிலவாணி வாயெடுப்பதற்குள் நாச்சிமுத்து சொல்லிவிட்டார்.

“நான் சும்மா பாக்கத்தான் வந்தேன், அம்மிணி.”

‘ஏற்கப்பட்டது.’

அவர் பார்த்தார். புறாக்களைப் பார்க்கப் பார்க்கக் கண்கள் அகன்றன. முன்பணம் எடுக்கச் சட்டைப்பைக்குப் போன கை பாதியில் நின்றது.

‘வாங்குவது வாக்கில் இல்லை,’ என்று தாழ் எழுதியது. ‘எழுந்திருப்பதும் இல்லை. வெளியே போய்த் திரும்பி வந்தால் புது வாக்குக் கொடுக்கலாம்.’

வெளியே போவதும் வாக்கில் இல்லை. கோகிலவாணி மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கடையைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி ருக்குமணிக்குப் போன் செய்தாள்.

“அக்கா, அண்ணனுக்கு பார்டர் புடிச்சிருச்சு. ஆனா சும்மா பாக்கத்தான் வந்தேன்னு சொல்லிப்புட்டாரு. இனி நீங்கதான் வரோணும்.”

“இருவது வருசமா அவரு சொல்றது அதேதான் கண்ணு. வாரேன்.”

ருக்குமணி மதிய பஸ்ஸில் வந்தாள். வாசலிலேயே கோகிலவாணி எச்சரித்தாள். “வாயில வர்றதுதானுங்க்கா கணக்கு. யோசிச்சுச் சொல்லுங்க.”

ருக்குமணி யோசித்தாள். “பாப்பேன். கொற சொல்லுவேன். பேரம் பேசுவேன். தீபாவளிக்கு ஆர்டர் குடுப்பேன். காப்பி குடிப்பேன். வீட்டுக்குப் போவேன்.”

‘வேறு ஏதாவது?’

ருக்குமணி நாற்காலியில் இருந்த கணவரை ஒருமுறை பார்த்தாள்.

“போதும்,” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்ன வரிசையிலேயே செய்தாள். புறாவின் கண் சின்னது என்று குறை சொன்னாள். காப்பியில் சர்க்கரை குறைவாக இருந்தது. காப்பிக்கு முன்பே குறை சொல்லி முடித்துவிட்டதால் பேசாமல் குடித்தாள். வீட்டுக்குப் போனாள்.

தீபாவளிச் சேலையில் இரண்டு புறாக்களுக்கு நடுவே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் இருப்பதை வரைவதாகத்தானே டிரைவரின் வாக்கு. சேலைகள் கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்தன. கோகிலவாணி இன்னொரு தறி வாங்கினாள்.

லேப்டாப்பிலிருந்து எதுவும் கசியாததால், மோகனசுந்தரம் ஈரோட்டில் காசு கொடுத்து ஒரு சேலை வாங்கி, இழை இழையாகப் பார்த்து நகல் நெய்தார். புறாக்கள் சரியாக வந்தன. நாற்காலி மட்டும் எல்லாச் சேலையிலும் காலியாக இருந்தது. வாங்கியவர்கள், ஆள் எப்போது வருவார் என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கார்த்திகை மாதம் மோகனசுந்தரம் கோகிலவாணியின் வாசலில் வந்து செருப்பைக் கழற்றினார்.

“என்னங்க விசயம்?”

“ஒண்ணுமில்ல கோகிலா,” என்றார், திரைப்பக்கம் எட்டிப் பார்த்தபடி. “சும்மா பாக்கத்தான்.”

அவள் இன்னொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

பொங்கல் சேலையில் புறாக்களுக்கு நடுவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாமவருக்குக் கால்கள் இல்லை.