முப்பத்தொன்று இன்னும் வரவில்லை

பெற்றவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. ஊரில் உள்ள பிள்ளைகளெல்லாம் கெட்டுப்போவார்கள், தன் பிள்ளைக்கு மட்டும் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது என்கிற திமிர். அந்த லேப்காரம்மாவுக்கு அது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. இத்தனைக்கும் பால்வினை நோய்களுக்கு ரத்தம் சோதிப்பதுதான் பதினாறு வருடமாக அவள் பார்க்கிற வேலை.

இளைஞர்களுக்கான கிளினிக்கிலிருந்து தினமும் காலையில் ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய்கள் ஒரு பெட்டியில் வரும். குழாய்களில் பெயர் இருக்காது. பெயர் கேட்டால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். ஒரு எண், வயது, அவர்களே எழுதிக் கொடுக்கும் ஒரு ரகசியச் சொல், அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து நேரில் வந்து அந்தச் சொல்லைச் சொன்னால் முடிவு கிடைக்கும். வேறு யாரிடமும், பெற்றவரே ஆனாலும், மூச்சுவிடக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே அவள் அதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பிள்ளைகள் வேடிக்கையாக எழுதுவார்கள்: 'பல்செட்', 'வவ்வால்', 'கணக்கு வாத்தியார்'. சிரித்துக்கொண்டே பதிவாள். அன்று முப்பத்தொன்றாம் எண் சீட்டில், வயது பதினேழு என்பதற்குக் கீழே 'பூசணிக்குட்டன்' என்று இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கொழுகொழுவென்று இருந்த ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும்போது அவளே உண்டாக்கிய சொல் அது. வீட்டு வாசலைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அதனால்தான் பத்திரமான சொல் என்று மகன் அதை எழுதியிருக்கிறான். அந்தக் குழாய்கள் எங்கே போகின்றன என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அம்மா சர்க்கரையும் கொழுப்பும் சோதிக்கிறாள் என்றுதான் அவனிடம் சொல்லி வைத்திருந்தாள்.

ரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரை வெள்ளை அட்டையில் ஒரு சொட்டு விட்டு, கரித்துகள் கலந்த மருந்தைச் சேர்த்து எட்டு நிமிடம் சுழற்ற வேண்டும். நோயில்லை என்றால் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். முப்பத்தொன்று திப்பி திப்பியாகத் திரண்டது. வேறொரு முறையிலும் சரிபார்த்தாள். சிபிலிஸ்தான்.

குணமாகிற நோய்தான். ஆரம்பத்திலேயே பென்சிலின் ஊசி போட்டால் போயே போச்சு. விட்டுவிட்டால் புண் தானாக ஆறிவிடும், ஆளும் நிம்மதியாகத் திரிவான். வருடங்கள் கழித்து அது மூளையிலும் இதயத்திலும் கை வைக்கும். அவன் போய் முடிவைக் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வாரம் முடிந்ததும் ஏதோ சாக்கில் கிளினிக் நர்சுக்குப் போன் செய்தாள்.

"முப்பத்தொண்ணு வந்துச்சா?"

"இன்னும் வரலக்கா. பயந்துருக்கும் போல. ஏங்க்கா?"

"சும்மாதான் கேட்டேன்."

பத்து நாளாயிற்று. மகன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான், தட்டைக் கழுவினான், அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். வாயைத் திறந்தால் வேலை போகும், கிளினிக்கை நம்பி வரும் அத்தனை பிள்ளைகளின் நம்பிக்கையும் போகும், மகனும் ஜென்மத்துக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டான். திறக்காவிட்டால் அவன் உடம்பு போகும்.

ஒரு சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே, பொதுவாகச் சொல்வதுபோல ஆரம்பித்தாள்.

"எங்க லேப்ல நடக்குற கூத்தைக் கேளு. ரத்தம் குடுத்துட்டு ரிசல்ட் வாங்கவே வரமாட்டேங்குதுங்க சில பிள்ளைங்க."

"என்ன டெஸ்ட்டு?" மகன் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"பால்வினை நோய்க்கு." அந்தச் சொல் அந்த வீட்டில் ஒலித்தது அதுவே முதல் தடவை. "ஊசி போட்டா சரியாப் போயிடும். யாரும் திட்ட மாட்டாங்க. கூடப் பழகினவங்களும் போட்டுக்கணும், இல்லேன்னா திரும்ப ஒட்டிக்கும். ஆணுறை போட்டிருந்தா பெரும்பாலும் வந்திருக்காது. இதுகூட யாரும் சொல்லிக் குடுக்கல போல."

"ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. நாலு கிளாஸ். நான் மட்டும் லைப்ரரில உக்காந்திருந்தேன். நீதானம்மா லெட்டர் குடுத்த, என் பையனுக்கு இதெல்லாம் வேணாம்னு."

கத்தி நின்றது. ஆமாம், கொடுத்தாள். மூன்று வரிக் கடிதம். கவனம் சிதறும் என்று எழுதி, பெருமையாகக் கையெழுத்தும் போட்டாள். அந்தக் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்று இப்போது இருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன்டா," என்றாள்.

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, "உங்க லேப்ல, எது யாரோட ரத்தம்னு தெரியுமா?" என்றான்.

"நம்பர் மட்டுந்தான் தெரியும்." பெற்ற பிள்ளையின் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் நர்ஸே கூப்பிட்டாள். "அக்கா, முப்பத்தொண்ணு வந்துருச்சு. இடுப்புல ரெண்டு பக்கமும் ஊசி போட்டு அனுப்பிட்டேன். கூட ஒரு பொண்ணையும் கூட்டிட்டு வந்துச்சு, பாவம்." லேப்காரம்மா கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மகன் நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். அவன் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடா, முள்ளு மேல உக்கார்ற மாதிரி உக்கார்ற?"

மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் திணறுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பந்து விளையாடறப்ப வழுக்கி விழுந்துட்டானாம். வந்ததுமே சொன்னான்," என்றாள்.

"பாத்து விளையாடுடா," என்று சொல்லிவிட்டு அப்பா சாப்பாட்டில் இறங்கினார்.

வந்ததிலிருந்து மகன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவன் மெல்லத் தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தான். அவளால் பார்வையைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை.