படத்திலிருந்த சட்டை

அந்தப் படத்தைப் பார்த்து அமெரிக்காவே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஜப்பான் பணிந்த நாள், நியூயார்க் நாற்சந்தி, ஊரே தெருவில். நடுவில் ஒரு கடற்படைச் சிப்பாய் முன்பின் தெரியாத ஒருத்தியை வளைத்துப் பிடித்து முத்தம் கொடுக்கிறான். அவள் தலை மறைத்ததில் அவன் முகம் தெரியவில்லை.

"வெக்கங்கெட்ட பய, யார் பெத்த பிள்ளையோ!" என்று சிரித்தபடி, பக்கத்து வீட்டு ஹலீனா ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்த கையோடு, படம் வந்திருந்த பத்திரிகையை யாத்விகாவின் சமையல் மேசையில் போட்டாள்.

யாத்விகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"நான் பெத்த பிள்ளைடீ," என்றாள்.

ஹலீனாவின் சிரிப்பு நின்றுபோனது. யாத்விகாவின் ஒரே மகன் காஸிக் ஏப்ரலில் ஒகினாவா பக்கம் கப்பலோடு மூழ்கிப்போனான். தந்தி வந்தது, பூசை வைத்தார்கள். பிள்ளை போரில் இருக்கிறான் என்பதற்கு அடையாளமாக ஜன்னலில் தொங்கிய கொடியில், நீல நட்சத்திரத்தின் மேல், சாவுக்கான தங்க நட்சத்திரத்தை அவள் தன் கையாலேயே தைத்தாள்.

"அக்கா, முகமே தெரியலையே..."

"முகம் எதுக்கு? முழங்கையைப் பாரு."

சட்டையின் முழங்கையில் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி. போன வருஷம் விடுப்பில் வந்தவன் வேலிக்கம்பியில் மாட்டிக் கிழித்துக்கொண்டான். வீட்டில் கருநீல நூல் இல்லை. வெள்ளை நூலில் தைத்து, மேலே மையைத் தடவி அனுப்பினாள். மை வெளுத்துவிட்டது. தையல் அவளுடையதுதான், எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள்.

அதற்கப்புறம் அவளை யார் பிடிப்பது! தங்க நட்சத்திரத்தைப் பிரித்தெடுத்து அடுப்பில் போட்டாள். "அம்மா, அவசரப்படாதம்மா," என்று மகள் இரேனா கெஞ்சினாள்.

"தலையில அடிபட்டு ஞாபகம் தப்பியிருக்கும், அதான் வீட்டுக்கு வழி தெரியல. ஏன்டீ, உங்கண்ணன் உயிரோட வர்றது உனக்குப் பிடிக்கலையா?"

யாத்விகா மாடி மாடியாக ஏறி எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்து, அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு நேரத்துக்கு லுத்விக் வந்தான். காஸிக்கோடு ஒரே கப்பலில் இருந்தவன், இரேனாவுக்கு நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளை. கப்பல் கிளம்பியபோது ஜுரத்தில் கரையில் கிடந்ததால் பிழைத்தானாம். இப்போது புரூக்ளின் துறைமுகத்தில் வேலை. இந்த வீட்டுக்கு மட்டும் ஒருநாளும் சீருடையில் வரமாட்டான். தன் துக்கத்துக்குக் கொடுக்கும் மரியாதை என்று யாத்விகா நினைத்திருந்தாள்.

"மாப்பிள்ளே, இங்க பாரு! நம்ம காஸிக்!"

படத்தைப் பார்த்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அது காஸிக் இல்ல அத்தை."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அது... நான்."

இரேனாவின் கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. "எவடா அவ?"

"சத்தியமாத் தெரியாது இரேனா. குடிச்சிருந்தேன். அன்னிக்கு எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடிச்சாங்க..."

எவளாக இருந்தால் யாத்விகாவுக்கு என்ன! "சட்டை என் பிள்ளையோடது. உங்கிட்ட எப்படிடா வந்தது?"

அவள் மேசையில் ஓங்கி அறைந்தாள். மாவு பறந்தது.

"சான் பிரான்சிஸ்கோவில, கப்பல் கிளம்புறதுக்கு முந்தின சாயங்காலம். கரைக்குப் போறது அவன் முறை. முறையையும் குடு, சட்டையையும் குடு, என்னோடது அழுக்குன்னு நான்தான் நச்சரிச்சேன். சிரிச்சுக்கிட்டே கழட்டிக் குடுத்தான். 'தையலைப் பிரிச்சுடாதே, அம்மா என்னைக் கொன்னுடுவா'ன்னான். நான் குடிச்சுட்டு எங்கேயோ விழுந்துட்டேன். கண்ணு முழிச்சப்போ கப்பல் போயிருந்தது."

"அப்போ ஜுரம்?" என்றாள் இரேனா.

"ஜுரமெல்லாம் இல்ல. பிடிச்சு உள்ள போட்டாங்க. என் துணிமணியெல்லாம் கப்பலோட போயிடுச்சு. போட்டுக்க அந்தச் சட்டை ஒண்ணுதான் மிச்சம்."

காஸிக்கே கரைக்குப் போயிருந்தாலும் ஒழுங்காகத் திரும்பிவந்து கப்பலேறியிருப்பான். வளர்த்தவளுக்குத் தெரியாதா? அதனால் இவனை வாய்விட்டுத் திட்டக்கூட யாத்விகாவுக்கு வழியில்லை.

"போ. அந்தச் சட்டையைக் கொண்டா."

அவன் போனான். அவள் ஜன்னலைப் பார்த்தாள். நீல நட்சத்திரம் மட்டும் பளிச்சென்று இருந்தது. தெருவில் போன யாரோ அதைப் பார்த்துவிட்டுக் கையாட்டினார்கள். அடுப்பைத் திறந்து கிளறினாள், சாம்பல்தான் இருந்தது.

இரேனா உள்ளே போய், கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த மஞ்சள் பட்டு நாடாவை எடுத்து வந்தாள். "இதை வெட்டிக்கோம்மா. இனி எனக்கு வேண்டாம்."

யாத்விகா நட்சத்திரம் வெட்டி முடித்து ஊசியில் நூல் கோத்தபோது, லுத்விக் சட்டையோடு வாசலில் வந்து நின்றான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இருந்தது ஒரே பிள்ளை," என்றாள். "ரெண்டு தடவை சாகக் குடுத்துட்டேனே."